“காப்பர்-டி எங்களுக்குப் போடமாட்டார்களாமே, நிஜமா டாக்டர்?”

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 31 வயது. பாலியல் தொழில் செய்கிறேன். ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். வருகிறவர் யாராக இருந்தாலும் ஆணுறை இல்லாமல் நான் ஒத்துக்கொள்வதில்லை. நான்கு வருடமாக என்னோடு ஒருவர் இருக்கிறார். அவரிடம் மட்டும் ஆணுறை கிடையாது. ஒன்றரை வருடத்துக்குள் இரண்டு முறை உண்டாகி, மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கலைத்தேன். இரண்டாவது தடவை மூன்று வாரம் ரத்தம் நிற்கவே இல்லை, வேலைக்கும் போக முடியவில்லை. இனி அந்தப் பாடு வேண்டாம். காப்பர்-டி போட்டுக்கொள்ளலாமா என்றால், “நம்மை மாதிரி ஆட்களுக்குப் போட்டால் கருப்பையில் சீழ் பிடிக்கும், டாக்டர்களே போடமாட்டார்கள்” என்கிறாள் தோழி. கையில் குச்சி வைத்துக்கொண்ட இன்னொருத்திக்கு மாதக்கணக்கில் கறை பட்டுக்கொண்டே இருந்து, கடைசியில் எடுத்துவிட்டாள். ஊசி போட்டால் மாதவிலக்கு நின்று கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடும் என்கிறார்கள். மூன்று வருடம் கழித்து இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. எதைப் போட்டுக்கொள்வது? என் தொழிலை டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? எடுத்த பிறகு குழந்தை தங்குமா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். போட்டுக்கொள்ளலாம். பாலியல் தொழில் செய்கிறவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியையோ, கையில் வைக்கும் குச்சியான இம்ப்ளான்ட்டையோ, கருத்தடை ஊசியையோ மறுக்கச் சொல்லும் மருத்துவ விதி எதுவும் கிடையாது. எந்த உடம்புக்கு எந்தக் கருத்தடை ஒத்துவரும் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அதில் ரத்த அழுத்தம் உண்டா, காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, கருப்பை வாயில் தொற்று இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன வேலை செய்கிறார் என்று பார்க்கச் சொல்லவில்லை.

உங்கள் தோழிக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அமெரிக்காவில் 1971 முதல் 1974 வரை டால்கன் ஷீல்டு என்ற கருப்பைச் சாதனம் விற்பனையில் இருந்தது. அதன் வால்நூல், பல இழைகளைச் சேர்த்து உறைபோட்டது. அந்த இழைகளின் இடுக்கு வழியாகக் கிருமிகள் மேலே ஏறிப் பல பெண்களுக்குக் கடுமையான தொற்று வந்தது, சிலர் இறந்தும் போனார்கள். அதிலிருந்து ஒரு தலைமுறை டாக்டர்கள் இப்படிக் கருப்பைக்குள் வைக்கிற எல்லா லூப்பையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்கள். இப்போது போடுகிற காப்பர்-டியின் நூல் அந்த மாதிரி இல்லை, ஒற்றை இழையால் ஆனது. ஆனால் பயம் மட்டும் கைமாறி வந்துகொண்டே இருக்கிறது. பல துணைவர்கள் உள்ள பெண் என்றதும் “உனக்கு இது சரிப்படாது” என்று டாக்டரே திருப்பி அனுப்புவது இன்றும் நடக்கிறது.

உண்மையான ஆபத்து போடும் நேரத்தில்தான் இருக்கிறது. கருப்பை வாயில் ஏற்கெனவே கொனோரியா, கிளமிடியா மாதிரி உறவால் பரவும் தொற்று இருந்தால், சாதனத்தை உள்ளே செலுத்தும்போது அந்தக் கிருமியும் மேலே போய்விடலாம். அதனால்தான் இடுப்புக்குழியில் தொற்று வரும் வாய்ப்பு, போட்ட முதல் மூன்று வாரங்களில் கூடுதலாக இருக்கிறது. அந்தக் காலம் தாண்டிவிட்டால் அது மிகவும் குறைந்துவிடும். ஆகவே நீங்கள் கேட்டு வாங்க வேண்டியது, போடுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை. வெள்ளைப்படுதல் இல்லை, எரிச்சல் இல்லை என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. கிளமிடியா பெரும்பாலான பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாது. பரிசோதனையில் தொற்று தெரிந்தால் முதலில் மருந்து, குணமான பிறகு காப்பர்-டி. போட்டு வெகுநாள் கழித்து தொற்று வந்தால், உடனே எடுக்கத் தேவையில்லை. சாதனம் உள்ளே இருக்கும்போதே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம். மருந்து தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் வலியும் காய்ச்சலும் குறையாவிட்டால் எடுப்பதைப் பற்றி யோசிப்போம்.

பரிசோதனை வசதியே இல்லாத இடத்தில் இருக்கிறீர்கள், போன வாரம்தான் ஆணுறை கிழிந்தது, கீழே ஏதோ சரியில்லை என்றும் தோன்றுகிறது என்றால், அன்றைக்குக் கருப்பைக்குள் எதையும் வைக்காமல் இருப்பதுதான் நல்லது. இம்ப்ளான்ட்டோ ஊசியோ அன்றே போட்டுக்கொள்ளலாம். அவை கருப்பை வாய்ப் பக்கமே போவதில்லை.

காப்பர்-டி நெஞ்சுவரை ஏறிவிடும் என்றும் யாராவது சொல்லுவார்கள். போடும்போது கருப்பைச் சுவரைத் துளைத்து வயிற்றுக்குள் போவது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் நடக்கலாம். பழகிய கை போட்டால் அதுவும் குறைவு. நெஞ்சுக்குப் போக வழியே இல்லை. தானாகக் கீழே நழுவி வெளியே வருவதுதான் அதைவிட அதிகமாக நடக்கிறது, அதுவும் முதல் சில மாதங்களில். அதற்காக மாதம் ஒருமுறை, விலக்கு முடிந்ததும், விரலால் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்களே சொல்லியும் நீங்களே கவனிக்காத ஒன்றுக்கு வருகிறேன். இரண்டு கர்ப்பமும் வாடிக்கையாளர்களிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு குறைவு. அங்கே நீங்கள் கறாராக இருக்கிறீர்கள். ஆணுறை இல்லாத உறவு ஒரே இடத்தில்தான் நடக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். பல நாடுகளில் ஆராய்ந்தபோதும் இதுவேதான் தெரிந்தது: காசு கொடுக்கிறவரிடம் ஆணுறை, மனசு கொடுத்தவரிடம் இல்லை. நாள் முழுக்க ரப்பர் உறையோடு நடக்கிற வேலையிலிருந்து இந்த மனிதரைப் பிரித்துக் காட்டுவதற்குப் பெண்ணிடம் இருக்கிற ஒரே அடையாளம் அந்த உறை இல்லாததுதான். “அவரிடமும் ஆணுறை போடு” என்று கவுன்சலிங்கில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்கிற பெண்ணுக்கு “அவரையும் வாடிக்கையாளர் ஆக்கிவிடு” என்றுதான் காதில் விழுகிறது. அதனால் நான் உங்களைத் திட்டப்போவதில்லை. நீண்ட நாள் கருத்தடை உங்களுக்கு மிகவும் பொருத்தம் என்று நான் நினைப்பதற்குக் காரணமே இதுதான். அது யாரிடமும் கேட்டுப் பெறவேண்டிய சம்மதத்தில் நிற்கவில்லை. ஆணுறையைப் போடு என்று சொல்லிச் சண்டைக்கு நிற்க வேண்டிய ராத்திரியிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

எண்ணிக்கையிலும் வித்தியாசம் பெரியது. ஆணுறையை மட்டும் நம்பி, மனிதர்கள் சாதாரணமாகப் பயன்படுத்துகிற விதத்தில் பயன்படுத்தினால், ஒரு வருடத்தில் நூறு பெண்களில் 13 பேர் கர்ப்பமாகிறார்கள். ஒவ்வொரு முறையும் தவறே இல்லாமல் போட்டால் அது இரண்டு பேர். தினசரி மாத்திரையில் ஏழு பேர். மூன்று மாத ஊசியில் நான்கு பேர். காப்பர்-டியில் ஒருவருக்கும் குறைவு. காப்பர்-டி போலவே கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் லூப்பிலும், இம்ப்ளான்ட்டிலும் ஆயிரம் பேரில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. இரவு வேலை, ஊர் மாற்றம், தூக்கம் கெட்ட பகல் என்று வாழ்கிறவரை தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை போடச் சொல்வது நடக்காத காரியம். ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்பதுதான் இவற்றின் பலம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? புத்தகங்கள் எத்தனை வருடம் வேலை செய்யும் என்பதிலிருந்து ஆரம்பிக்கும். உங்களைப் போன்ற ஒருவருக்கு நான் ரத்தப்போக்கிலிருந்துதான் ஆரம்பிப்பேன். மாதவிலக்கு நாள் என்பது மற்றவர்களுக்கு அசௌகரியம், உங்களுக்கு வருமானம் இல்லாத நாள். நாலு நாள் ஏழு நாளானால் வாடகை பாக்கி விழும். விலக்கு நாளிலும் வேலை செய்தே தீர வேண்டிய கட்டாயத்தில் பஞ்சை உருட்டியோ, ஸ்பாஞ்சை வெட்டியோ, துணியை மடித்தோ உள்ளே வைத்துக்கொள்ளும் பெண்கள் எத்தனையோ பேர். அது உறவின்போது இன்னும் உள்ளே தள்ளப்பட்டு, விரலுக்கு எட்டாமல், மறந்தும் போகும். பல நாள் கழித்து நாற்றமும் காய்ச்சலுமாக வருவார்கள். கருவியை வைத்து விரித்துப் பார்த்தால் கருப்பை வாய்க்குப் பின்னால் கறுத்துப்போன பஞ்சு இருக்கும். சொல்ல வெட்கப்பட்டு “வெள்ளைப்படுது டாக்டர்” என்று மட்டும் சொன்னவர்களாக இருப்பார்கள். ஆகவே ரத்தப்போக்கைக் கூட்டுகிற கருத்தடை ஒருவருக்குக் கர்ப்பத்தைத் தடுத்துவிட்டு வேறொரு ஆபத்தைக் கொண்டுவந்துவிடலாம். டாக்டர் இதைக் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்: “ரத்தம் அதிகமானால் என்னால் சமாளிக்க முடியாது.” ஒருவேளை வைத்தே ஆக வேண்டுமென்றால், விலக்கு ரத்தத்தை ஏந்திக்கொண்டு உறவின்போதும் உள்ளே இருக்கும்படி செய்த, மென்ஸ்ட்ருவல் டிஸ்க் என்ற மென்மையான தட்டு கிடைக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள். லூப் போட்டவர்கள் அதை எடுக்கும்போது நூலையும் சேர்த்து இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காப்பர்-டி இந்த விஷயத்தில் கொஞ்சம் பின்தங்குகிறது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் விலக்கு அதிகமாகவும் வலியோடும் வரும், பிறகு பலருக்குத் தணியும். ஹார்மோன் எதுவும் கிடையாது, 380ஏ என்ற வகை பத்து வருடத்துக்கு மேல் நிற்கும், உள்ளே வைத்த நிமிடத்திலிருந்து பாதுகாப்பு. ரத்தசோகை இல்லாதவருக்கு, ஹார்மோன் ஒத்துக்கொள்ளாதவருக்கு நல்ல சாதனம். இன்னொரு பெருமையும் அதற்கு உண்டு. ஆணுறை கிழிந்த ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டால், அந்த முறை கர்ப்பம் ஏற்படாமல் தடுப்பதில் அவசர மாத்திரையைவிட அது மேலானது.

ஹார்மோன் லூப் பார்க்க அதே மாதிரி இருக்கும். தாமிரத்துக்குப் பதில் லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைச் சிறிது சிறிதாகக் கருப்பைக்குள்ளேயே விடும். 52 மில்லிகிராம் உள்ள வகைக்கு அமெரிக்காவில் 2022 முதல் எட்டு வருடம் வரை அனுமதி இருக்கிறது. முதல் சில மாதம் திட்டுத்திட்டாகக் கறை படும், அது எரிச்சலான காலம்தான். அதைத் தாண்டிவிட்டால் விலக்கு வெகுவாகக் குறையும். ஒரு வருட முடிவில் ஐந்தில் ஒரு பெண்ணுக்கு விலக்கே வராது. அதிக ரத்தப்போக்குக்கு மருந்தாகவே இதைப் போடுகிறோம்.

கையில் வைக்கும் இம்ப்ளான்ட் ஒரு தீக்குச்சி அளவுதான். நாலு சென்டிமீட்டர் நீளம், அதிகம் புழங்காத கையில், முழங்கைக்கு மேல் உள்பக்கத் தோலுக்கு அடியில், மரத்துப்போக ஊசி போட்டு வைப்பார்கள். வகையைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து வருடம் வேலை செய்யும். கீழே பரிசோதனை வேண்டாம், உடை களைய வேண்டாம். அதன் குறை, ரத்தம் எப்போது வரும் என்று சொல்ல முடியாதது. சிலருக்கு விலக்கு நின்றுவிடும், சிலருக்கு அவ்வப்போது, இன்னும் சிலருக்கு விடாமல் கறை. குச்சி வைத்துக்கொண்டதாக நீங்கள் சொன்ன அந்த இன்னொரு பெண்ணுக்கு நடந்தது கடைசி வகை. அவரிடம் யாராவது இதை முன்கூட்டியே சொன்னார்களா என்பதுதான் என் கவலை. முன்னாலேயே தெரிந்திருந்தால் பாதிப் பயம் போயிருக்கும். தொடர்ந்து ரத்தம் பட்டால் இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை சில நாள், அல்லது உடம்புக்கு ஒத்துவருமானால் கருத்தடை மாத்திரை சில வாரம் என்று டாக்டர் கொடுத்துப் பார்க்கலாம், பலருக்கு அடங்கும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று ரத்தம் ஆரம்பித்தால் இம்ப்ளான்ட் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. கிளமிடியாவாலும் ரத்தம் படும். கர்ப்பமாக இருந்தாலும் படும்.

ஊசிக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போக வேண்டும். நான்கு வாரம் தாமதமானால்கூடப் போட்டுக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஊர் ஊராகப் போகிறவருக்கு அது ஆறுதல். தோலுக்கடியில் தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் வகையும் இருக்கிறது. உடம்பில் எந்த அடையாளமும் இருக்காது என்பதால், யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். ஒரு வருடத்தில் பாதிப் பேருக்கு விலக்கு நின்றுவிடும். கெட்ட ரத்தம் தங்கும் என்பது வெறும் பயம், சகோதரி. ஊசியோ ஹார்மோன் லூப்போ போட்டவருக்குக் கருப்பையின் உள்தோல் தடித்து வளர்வதே இல்லை. வளராததால் உதிர எதுவும் இல்லை. தேங்கி நிற்கிற ரத்தம் என்று ஒன்று அங்கே கிடையாது. எலும்பின் அடர்த்தி ஊசி போடும் காலத்தில் கொஞ்சம் குறையும், நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் உங்களுக்கு ஊசியை நான் கடைசியாகத்தான் வைப்பேன். நிறுத்திய பிறகு கரு தங்கத் தாமதமாகும், கடைசி ஊசியிலிருந்து சராசரியாக ஒன்பது பத்து மாதம். மூன்று வருடத்தில் குழந்தை வேண்டும் என்று நாள் குறித்து வைத்திருப்பவருக்கு அது தேவையில்லாத காத்திருப்பு.

உங்கள் இடத்தில் வைத்து யோசித்தால் என் வரிசை இது: கிடைத்தால் ஹார்மோன் லூப். கிடைக்காவிட்டால், அல்லது கீழே எதுவும் வைக்க மனமில்லை என்றால் இம்ப்ளான்ட். இரண்டும் இல்லாவிட்டால், ஹீமோகுளோபின் பார்த்துவிட்டுக் காப்பர்-டி. இரண்டாவது கலைப்பில் மூன்று வாரம் ரத்தம் போயிருக்கிறது என்கிறீர்கள், அதனால் ஹீமோகுளோபினை எப்படியும் பாருங்கள். அன்றைக்கே ஒரு ஸ்கேனும் எடுத்து, உள்ளே எதுவும் மிச்சம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கார்பமசெபின் அல்லது ஃபெனிட்டாயின், எச்ஐவிக்கு எஃபாவிரென்ஸ் சாப்பிடுகிறவராக இருந்தால் இந்த வரிசை மாறும். இந்த மருந்துகள் இம்ப்ளான்ட்டின் பலத்தைக் குறைத்துவிடும். லூப்களை அவை ஒன்றும் செய்யாது.

மருந்துக்கடை மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த மாத்திரை கெட்டது இல்லை, சரியான வாரத்தில் சரியான அளவில் எடுத்தால் பாதுகாப்பானது. ஆனால் கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அது வேலை செய்யாது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் பார்த்துவிட்டுக் கொடுக்கச் சொல்கிறோம். கலைத்த இரண்டு வாரத்திலேயே மறுபடி கரு தங்க முடியும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. மாத்திரை வாங்கும் நாளிலேயே இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாம், கரு முழுக்க வெளியேறியது உறுதியானதும் லூப் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. இவற்றில் எதைப் போட்டுக்கொண்டாலும், போட்டுக்கொண்டதை வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். வேலை பிடித்துக் கொடுக்கிறவரிடமும் சொல்லாதீர்கள். “குழந்தைதான் உண்டாகாதே, பிறகு எதற்கு உறை?” என்ற பேரம் அன்றைக்கே ஆரம்பித்துவிடும். உறை இல்லாமல் என்றால் கூடுதல் காசு என்று ஆசை காட்டுவார்கள். கர்ப்ப பயம் ஒன்றுதான் பல பெண்களுக்கு உறை வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக் கிடைக்கிற காரணம். அதை நீங்களே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். காப்பர்-டி, ஹார்மோன் லூப், இம்ப்ளான்ட், ஊசி எதுவுமே எச்ஐவியையோ, சிபிலிஸையோ, கொனோரியாவையோ தடுக்காது.

இதில் எதிர்ப்பக்கப் பயமும் ஒன்று உண்டு: ஊசி போட்டால் எச்ஐவி சீக்கிரம் தொற்றும் என்பது. வெகுகாலம் டாக்டர்களுக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. கென்யா, தென் ஆப்பிரிக்கா, ஜாம்பியா, எஸ்வாட்டினி ஆகிய நான்கு நாடுகளில் 7,829 பெண்களை வைத்துச் செய்த எக்கோ ஆய்வு 2019-ல் வெளிவந்தது. ஊசி, காப்பர்-டி, இம்ப்ளான்ட் மூன்றுக்கும் இடையே எச்ஐவி தொற்றுவதில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை என்று அது காட்டியது. அதே ஆய்வில் என்னை உலுக்கியது வேறு: மூன்று குழுவிலும் சேர்த்துப் பார்த்தால், ஒரு வருடத்தில் நூறு பெண்களுக்குக் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு எச்ஐவி தொற்றியிருந்தது. கருத்தடைக்காகத் தவறாமல் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் அவர்கள். கர்ப்பத்தைப் பார்த்துக்கொண்ட அதே அறையில் நோயையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே கருத்தடைக்குப் போகும் நாளிலேயே எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைட்டிஸ்-பி பரிசோதனைகளையும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ்-பிக்குத் தடுப்பூசி உண்டு. எச்ஐவி இல்லை என்று வந்தால், அது தொற்றாமல் இருக்க முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் மருந்தான ப்ரெப் பற்றிக் கேளுங்கள். தினசரி மாத்திரையாக அது பல வருடமாக இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியை 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. முந்தைய வருடம் வெளியான ஆய்வில், அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்குக்கூட எச்ஐவி வரவில்லை. கூட இருப்பவரிடம் ஆணுறை கேட்க முடியாத உங்களுக்கு இதுவும் யாரிடமும் அனுமதி கேட்காத பாதுகாப்புதான். முடிந்தால் அவரையும் ஒருமுறை பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். “நீ சந்தேகப்படுகிறாயா” என்பார். “அடுத்த குழந்தைக்கு முன்னால் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்” என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

தொழிலைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டியதில்லை. “எனக்கு ஒருவருக்கு மேல் துணைவர்கள் உண்டு. பால்வினை நோய்ப் பரிசோதனை செய்துவிட்டுப் போடுங்கள்” என்றால் போதும். டாக்டருக்குத் தேவையான தகவல் அந்த இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அதைக் கேட்டு முகம் சுளிப்பவரிடம் நீங்கள் எதையும் போட்டுக்கொள்ள வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள். உங்களோடு தொழில் செய்கிற பெண்களே நடத்தும் அமைப்பு அருகில் இருந்தால், எந்த டாக்டர் மரியாதையாக நடத்துவார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

“இன்னொரு குழந்தை எதற்கு, ஒரேயடியாக ஆபரேஷன் பண்ணிவிடு” என்று யாராவது தள்ளினாலும் சம்மதிக்காதீர்கள். எடுக்க வேண்டும் என்று நீங்கள் போகும் நாளில் எடுத்துத் தரவேண்டியதும் டாக்டரின் கடமை. வருடம் முடியவில்லை, வீணாகிவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. போடுவதற்கு முன்பே, “எடுக்க வேண்டுமென்றால் இங்கேயே எடுப்பீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். தயங்கினால் இடம் மாறுங்கள். என்ன வகை, எந்தத் தேதி என்று எழுதித் தரும் அட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால், எந்த ஊருக்குப் போனாலும் அடுத்த டாக்டருக்கு உதவும்.

போடும் நாளைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதியாக இருந்தால் எந்த நாளும் போடலாம். விலக்கு வந்த முதல் ஐந்து நாளுக்குள் என்றால் இம்ப்ளான்ட்டும் ஹார்மோன் லூப்பும் உடனே பாதுகாப்புத் தரும், அதற்குப் பிறகு என்றால் முதல் ஏழு நாள் கூட இருப்பவரிடமும் ஆணுறை வேண்டும். லூப் போட்ட அன்றும் மறுநாளும் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். அந்த இரண்டு மூன்று நாளுக்கு வேலை இருக்காது என்று முன்னாலேயே கணக்குப் போட்டு நாள் குறியுங்கள். அடுத்த மூன்று வாரம் ஆணுறை விஷயத்தில் எப்போதையும்விடக் கறாராக இருங்கள், வழவழப்புக்கு எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் உறை கிழியும், நீர் கலந்த ஜெல்தான் சரி. நூல் ஆணுக்குக் குத்துகிறது என்றால் திரும்பப் போய்க் கருப்பை வாய் ஓரத்தோடு கத்தரிக்கச் சொல்லலாம். அப்படிக் கத்தரித்தால் விரலுக்குத் தட்டுப்படாது, பயப்பட வேண்டாம். காய்ச்சலோடு அடிவயிற்று வலி, நாற்றமடிக்கும் வெள்ளை, நூல் திடீரென நீண்டது போல இருப்பது, நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாக வலித்துத் தலை சுற்றுவது – இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போங்கள். கடைசியாகச் சொன்னது வந்தால் ராத்திரி என்றும் பார்க்காதீர்கள்.

குழந்தை தங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். லூப்பையோ இம்ப்ளான்ட்டையோ எடுத்த மாதத்திலேயே உங்கள் கருவுறும் சக்தி பழையபடி இருக்கும். உடம்பு ஓய்வெடுக்கட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. எடுப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட ஆரம்பியுங்கள். எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனையை அப்போது இன்னொரு முறை செய்துகொள்ளுங்கள். ஏதாவது இருக்கிறது என்று வந்தாலும் மருந்து எடுத்துக்கொண்டே நோய் தொற்றாத குழந்தையைப் பெற முடியும். அதற்காக ஆசையைக் கைவிட வேண்டாம்.